முதல் இலத்திரனியல் மார்க்கரை வாங்கப் போகும் மருமகனுக்கு

சிறுபோக அறுவடை முடிந்து காலபோகத்துக்கு வயலை ஆயத்தம் செய்வதற்கு முன்னர், பழுதான நீரிறைக்கும் இயந்திரங்களும் மருந்து தெளிக்கும் கருவிகளும் எனது திருத்தகத்தின் முன்னால் வரிசையில் நிற்கும் காலம் இது. சென்ற வாரம் அப்படியொரு நீண்ட நாளின் முடிவில் மல்லாவியிலுள்ள வீட்டு முற்றத்தில் இருந்தபோது, ஸ்கார்பரோவிலிருந்து அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் அழைத்து ஒரு படத்தைக் காட்டினான். சாயம் நிரப்பிய பந்துகளைச் சுட்டு ஒருவர் மீது ஒருவர் குறியிடும் பெயின்ட்போல் விளையாட்டை நண்பர்களுடன் ஐந்தாறு தடவை விளையாடி, வாடகைக் கருவியுடன் களத்தில் நின்று அலுத்துப்போன அவன், விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் சொந்தமாக ஓர் இலத்திரனியல் மார்க்கரை, அதாவது அந்தப் பந்துகளைக் காற்றின் அமுக்கத்தால் எறியும் மின்கலக் கருவியை, வாங்க எண்ணியிருந்தான். "மாமா, இது வாங்கலாமோ, இல்லாட்டிக் காசைக் கரியாக்கிற வேலையோ?" என்று கேட்டான். அரை மணி நேரம் விளக்கம் சொல்லியும் எனக்கு மனநிறைவு உண்டாகவில்லை. அவனைப் போன்ற நம் பிள்ளைகள் பலர் அங்கே இந்த விளையாட்டில் ஈடுபடுவதால், சொல்ல வேண்டியதை முழுமையாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கனடாவில் வாழ்ந்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள், ரொறன்ரோவுக்கு வடக்கேயிருந்த ஒரு பெயின்ட்போல் திடலில் கருவிகளைத் திருத்தும் வேலை செய்தேன். வாடகைக்குக் கொடுக்கும் பொறிமுறை மார்க்கர்களைக் கழற்றிப் பூட்டுவதும், விளையாட வருவோர் தாமே கொண்டுவரும் இலத்திரனியல் மார்க்கர்களின் நோயைக் கண்டறிவதும், காற்றுக் கலன்களை நிரப்புவதும் எனது பொறுப்பில் இருந்தன. மூன்று பருவங்கள் நானும் குறைந்த விலையுள்ள ஓர் இலத்திரனியல் மார்க்கரை வைத்திருந்தேன். ஊருக்குத் திரும்பும்போது அதை அங்கேயே விற்றுவிட்டு வந்தேன். துவக்கின் வடிவிலுள்ள எந்தப் பொருளையும் இந்த மண்ணுக்குக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை.

வன்னியில் வளர்ந்த ஒருவன் அந்த வேலையை எப்படிச் செய்தான் என்று கேட்டவர்கள் உண்டு. முதல் இரண்டு கிழமைகள் திடலின் ஓசை இரவிலும் காதுக்குள் நின்று என்னைத் தூங்கவிடவில்லை என்பது உண்மை. பிறகு அந்தக் கருவிக்கு ஏன் மார்க்கர் என்று பெயர் வந்தது என்பதை அறிந்தபோது மனம் ஓரளவு அமைந்தது. 1981 ஜூன் 27 அன்று, அமெரிக்காவின் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தில் ஹெனிக்கர் என்னும் ஊரின் காட்டில் பன்னிரண்டு பேர் ஆடிய முதல் ஆட்டத்தில் பயன்பட்டது நெல்ஸ்பொட் 007 என்னும் கருவி. வெட்ட வேண்டிய மரங்களுக்கும் பிரித்தெடுக்க வேண்டிய மாடுகளுக்கும் தூரத்தில் நின்றே சாயக்குறி இடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. முதிரை, பாலை மரங்களில் கோடரியால் குறி வெட்டுவதையும், பட்டிமாட்டுக்குக் குறிசுடுவதையும் பார்த்து வளர்ந்த எனக்கு, மாட்டை நோகடிக்காமல் குறியிடப் பிறந்த ஒரு பொருள் என்ற செய்தி பிடித்திருந்தது. அந்த முதல் ஆட்டத்தில் வென்றவர் றிச்சி வைற் என்ற காட்டுத்தொழில் செய்பவர். அவர் ஒரு பந்தைக்கூடச் சுடாமல், எவர் கண்ணிலும் படாமல் ஆட்டத்தில் எடுக்க வேண்டியிருந்த கொடிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார். இலத்திரனியல் மார்க்கர் வேகமாகச் சுடும் என்பதற்காகவே அதை வாங்க நினைப்பவர்களிடம் இந்தச் செய்தியை நான் எப்போதும் முதலில் சொல்வேன்.

பொறிமுறை மார்க்கர் எவ்வாறு இயங்குகிறது என்பது தெரிந்தால்தான் இலத்திரனியல் மார்க்கருக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் எதற்கு என்பது விளங்கும். பொறிமுறை வகையில் விசையை இழுக்கும்போது ஒரு கொக்கி விடுபட்டு, சுருள்வில் தள்ளும் கனமான சுத்தியல் ஒன்று வால்வை அடித்துத் திறக்கிறது. வெளியேறும் காற்றின் ஒரு பகுதி பந்தை எறிய, மறுபகுதி அந்தச் சுத்தியலைப் பின்னோக்கித் தள்ளி மீண்டும் கொக்கியில் மாட்டிவிடுகிறது. 1998 இல் வெளிவந்த டிப்மன் 98 இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. சேறு பட்டாலும் விழுந்தாலும் அது தொடர்ந்து வேலை செய்யும். நம்மூர் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைப் போல, பெரிய நுட்பம் எதுவுமின்றி உறுதியை மட்டும் நம்பிச் செய்யப்பட்ட பொருள் அது. இலத்திரனியல் வகையிலோ, விசை ஒரு சிறிய ஆளியை அழுத்துவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அந்தக் கட்டளையைப் பெறும் சுற்றுப்பலகை சொலினொயிட் எனப்படும் மின்காந்த வால்வைச் சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் திறக்க, குறைந்த அமுக்கத்திலுள்ள காற்று, போல்ட் என்று அங்கே அழைக்கப்படும் உருளையை முன்னும் பின்னும் நகர்த்திப் பந்தை எறிகிறது. இந்த உருளையே வால்வாகவும் செயற்படும் அமைப்பை ஸ்பூல் என்றும், தனியான வால்வொன்றை அடித்துத் திறக்கும் அமைப்பைப் பொப்பெற் என்றும் சொல்வார்கள். முன்னது மென்மையாகச் சுடும். ஆனால் பொதுவாகக் காற்றைக் கூடுதலாகச் செலவழிக்கும். பின்னது காற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தும். கையில் உதைப்பது சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

ஒரு காலத்தில் இத்தகைய கருவிகள் வசதி படைத்தவர்களுக்கும் போட்டியாளர்களுக்கும் மட்டுமே எட்டின. 2005 இல் ஸ்மார்ட் பார்ட்ஸ் நிறுவனம் அயன் என்ற மார்க்கரை ஏறத்தாழ 300 டொலருக்கு விற்கத் தொடங்கிய பிறகே சாதாரண விளையாட்டுக்காரரின் கைக்கு அது வந்தது. இன்றும் தொடக்கநிலை இலத்திரனியல் மார்க்கர்கள் பெரும்பாலும் 300 முதல் 500 அமெரிக்க டொலர் என்ற எல்லைக்குள்ளேயே கிடைக்கின்றன. உயர்நிலைக் கருவிகள் 1,500 டொலரையும் தாண்டுகின்றன. இந்த விலை வேறுபாட்டுக்கு ஏற்ற அளவு வேறுபாடு பந்தின் பாதையில் இல்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். பந்து ஒன்றுதான்: 0.68 அங்குல விட்டமுள்ள, ஏறத்தாழ மூன்று கிராம் எடையுள்ள, ஜெலற்றின் ஓட்டுக்குள் சாயம் நிரப்பிய உருண்டை. வேக எல்லையும் ஒன்றுதான்: விநாடிக்கு 300 அடி, பல திடல்களில் 280 அடி. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மார்க்கரும் அதற்கு மேல் எறியக் கூடாது என்பதால், விலை கூடிய கருவியின் பந்து மலிவான கருவியின் பந்தைவிடத் தூரம் போய்விடாது. மருமகன் இதை நம்ப மறுத்து இரண்டு தடவை திருப்பிக் கேட்டான்.

அப்படியானால் தொடக்கநிலை இலத்திரனியல் மார்க்கரின் உண்மையான பலம் எது? என்னுடைய விடை, அதன் கண்.

பந்து வந்து அமரும் அறையின் இரு பக்கத்திலும் சிறிய துளைகள் இருக்கும். ஒன்றிலிருந்து அகச்சிவப்புக் கதிர் புறப்பட்டு மற்றதிலுள்ள உணரியைச் சென்றடையும். பந்து முழுவதுமாக உள்ளே இறங்கிக் கதிரை மறைத்தால்தான் சுற்றுப்பலகை வால்வைத் திறக்க இடங்கொடுக்கும். பந்து பாதி இறங்கிய நிலையில் நிற்குமானால், விசையை எவ்வளவு இழுத்தாலும் கருவி காத்திருக்கும். இது எவ்வளவு பெரிய உதவி என்பது, கண்ணில்லாத பொறிமுறை மார்க்கருக்குள் பந்து நறுக்குண்டதைத் துப்புரவு செய்தவர்களுக்குத்தான் தெரியும். பாதி இறங்கிய பந்தை உருளை வெட்டிவிட, ஓட்டுத் துண்டுகளும் பசைபோன்ற சாயமும் அறை, குழல், றப்பர் வளையங்கள் என எல்லா இடமும் பரவிவிடும். அதன்பின் குழலுக்குள் செல்லும் ஒவ்வொரு பந்தும் அந்தப் பசையில் வழுக்கித் திசைமாறிப் பறக்கும். ஒரு சனிக்கிழமையில் முப்பது வாடகைக் கருவிகளை இப்படிக் கழுவியிருக்கிறேன். சொந்தமாக நான் வைத்திருந்த மார்க்கருக்குள் மூன்று பருவங்களில் நறுக்குண்ட பந்துகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவையும் கண் அழுக்கடைந்திருந்ததை நான் கவனியாமல் விட்ட நாள்களில் நடந்தவை. ஆகவே கண்ணின் மூடியைக் கழற்றி, மென்மையான துணியால் அந்தத் துளைகளைத் துடைப்பது ஒவ்வொரு விளையாட்டு நாளுக்கும் உரிய வேலை.

இரண்டாவது பலம், குறைந்த அமுக்கம். கலனிலிருந்து வெளிவரும்போது சதுர அங்குலத்துக்கு 800 இறாத்தல் அளவில் இருக்கும் காற்றை, மார்க்கரின் சொந்த ஒழுங்காக்கி இன்னும் குறைத்து, ஸ்பூல் வகையில் பெரும்பாலும் 140 முதல் 200 இறாத்தலுக்குள் கொண்டுவருகிறது. இதனால் உருளை பந்தை அடிப்பதில்லை, தள்ளுகிறது. மெல்லிய ஓடுள்ள, எளிதில் உடையும் நல்ல ரகப் பந்துகளை இவ்வகைக் கருவிகள் உடைக்காமல் எறிவதற்கு இதுவே காரணம். கையில் உதைப்புக் குறைவாக இருப்பதால் முதற்பந்து சென்ற பாதையிலேயே அடுத்த பந்தையும் அனுப்ப முடிகிறது. விசையும் மிக இலேசானது. நாள் முழுவதும் ஆடினாலும் விரல் நோகாது.

வேகத்தைப் பலமாக எண்ணுவதை நான் ஏற்பதில்லை. விநாடிக்குப் பத்துப் பந்துகளை இந்த மலிவான கருவிகளும் தடையின்றிச் சுடும் என்பது உண்மையே. ஆனால் மார்க்கரின் மேல் பொருத்தி 200 பந்துகளை நிரப்பும் ஹொப்பர் என்ற கொள்கலன் அந்த வேகத்தில் இருபது விநாடியில் வெறுமையாகிவிடும். 2,000 பந்துகள் கொண்ட ஒரு பெட்டி மூன்று நிமிடமும் இருபது விநாடியும்தான் தாங்கும். பந்தை வாங்குவது யார்? பகுதிநேர வேலை செய்து படிக்கும் இளைஞன்தான். எனது திடலுக்கு வந்த பல இளைஞர்கள் இலத்திரனியல் மார்க்கரை வாங்கிய முதல் மாதத்தில் ஆவேசமாகச் சுட்டு, இரண்டாம் மாதத்தில் பந்துக்குப் பணமின்றி வீட்டிலே இருந்துவிட்டார்கள். வாங்கும்போது இந்தச் செலவை எவரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் ஹொப்பரும் தனியாக வேண்டும். பந்துகள் தம் எடையால் மட்டும் விழும் சாதாரண ஹொப்பர், விரைவாகச் சுடும்போது போதிய அளவில் பந்தை இறக்காது. மின்கலத்தால் இயங்கிப் பந்தைக் கிளறி அல்லது தள்ளி அனுப்பும் ஹொப்பர் தேவைப்படும். கண் காத்திருப்பதால் பந்து நறுக்குண்ணாது என்பது உண்மைதான். ஆனால் கருவி விட்டுவிட்டுச் சுடுவதைப் பார்த்துப் பழுதென்று எண்ணி என்னிடம் கொண்டுவந்தவர்கள் பலர். கருவியில் எந்தப் பழுதும் இருக்காது. மேலே இருந்த ஹொப்பர்தான் அதற்குப் போதாமல் இருந்தது.

காற்றைப் பற்றி ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். சொலினொயிட் உள்ள மார்க்கரில் காபனீரொட்சைட்டைப் பயன்படுத்தக் கூடாது. அது கலனுக்குள் திரவமாக இருக்கும். வெப்பநிலை மாறினால் அதன் அமுக்கமும் மாறும். திரவத்துளி மார்க்கருக்குள் நுழைந்தால் றப்பர் வளையங்களை உறையச் செய்து, வால்வின் மென்மையான அடைப்புகளைக் கெடுத்துவிடும். அமுக்கப்பட்ட சாதாரணக் காற்றே வேண்டும். மலிவான அலுமினியக் கலன் 48 கன அங்குலக் கொள்ளளவும் 3,000 இறாத்தல் அமுக்கமும் கொண்டது. காபன் நார் சுற்றிய கலன் பெரும்பாலும் 68 கன அங்குலமும் 4,500 இறாத்தலும் கொண்டது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் பின்னது இருமடங்குக்கும் மேலான காற்றைத் தரும் என்பது தெரியும். மோட்டார் சைக்கிள் ரயருக்கு நாம் அடிக்கும் காற்று 30 இறாத்தல் அளவில்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், 3,000 என்பது எத்தகைய ஆற்றல் என்பது விளங்கும். கலனை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரமுக்கச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி அதனால் வந்ததே. காற்று நிரப்பும் முனையில் எண்ணெயோ கிறீசோ ஒருபோதும் படக் கூடாது. உயரமுக்கக் காற்று விரைந்து பாயும்போது உண்டாகும் சூட்டில் எண்ணெய் தீப்பற்றக் கூடும்.

இனி, குறைகளுள் நான் மிகுதியாகக் கண்டதைச் சொல்கிறேன். நம்மூரில் காலபோகம் முடிந்து மூலையில் வைத்த மருந்து தெளிக்கும் கருவியை மறுபோகத்தில் எடுத்தால், உள்ளிருக்கும் வாசர் காய்ந்து சுவரோடு ஒட்டியிருக்கும். முதற் சில அழுத்தங்களுக்கு மருந்து வராது. ஸ்பூல் வகை மார்க்கருக்கும் இதே நோய் உண்டு. நாலைந்து நிமிடம் சுடாமல் பதுங்கியிருந்துவிட்டு விசையை இழுத்தால், றப்பர் வளையம் தான் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் உருளை தாமதித்து நகரும். வால்வு திறந்திருக்கும் சில மில்லி விநாடிகளுள் போதிய காற்று வெளியேறாது. முதற்பந்து வலுவிழந்து இலக்குக்கு முன்னாலேயே விழுந்துவிடும். இரண்டாவது பந்து சரியாகப் போகும். பதுங்கியிருந்து ஆடுபவனுக்கு முதற்பந்தே எல்லாம் என்பதால் இது சிறிய குறையல்ல. இதற்கு மருந்து உண்டு: உருளையைக் கழற்றி, பழைய கிறீசை முழுவதும் துடைத்து, கருவியைச் செய்தவர்கள் குறிப்பிடும் கிறீசையே மெல்லிய படலமாகப் பூச வேண்டும், அதன் பின்னும் குறை நீங்காவிட்டால், வால்வு திறந்திருக்கும் நேரத்தைச் சுற்றுப்பலகையில் ஒரு மில்லி விநாடி கூட்டிப் பார்க்கலாம். கையில் அகப்பட்ட எண்ணெயை ஊற்றுவதும், துருநீக்கும் திரவத்தைப் பீச்சுவதும் தவறு. அவை இருந்த கிறீசையும் கரைத்துக் கொண்டுபோய்விடும்.

முதற்பந்து மெதுவாகப் போவது ஒரு நோய் என்றால், அது மிக விரைவாகப் போவது வேறொரு நோய். அது ஆபத்தானதும்கூட. ஒழுங்காக்கியின் உள்ளேயுள்ள இருக்கை தேய்ந்துவிட்டால், அது காற்றை முழுமையாக அடைக்காது. சுடாமல் நிற்கும் நேரத்தில் அமுக்கம் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாவித்த மார்க்கரைப் புதிதாக வாங்கிவந்த இளைஞன் ஒருவனின் கருவியை வேகமானியில் சோதித்தேன். அடுத்தடுத்துச் சுட்ட ஐந்து பந்துகளும் 280 அடிக்குள் இருந்தன. ஏதோ ஓர் ஐயத்தில், இரண்டு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு மறுபடி சுடச் சொன்னேன். மானி 330 ஐத் தாண்டிக் காட்டியது. அன்று அவனுக்கு வாடகைக் கருவி ஒன்றைக் கொடுத்து, அவனுடையதை வாங்கி வைத்துக்கொண்டேன். அவன் கோபித்துக்கொண்டான். ஆனால் மூன்று கிராம் எடையுள்ள பந்து 300 அடி வேகத்திலேயே ஏறத்தாழ 12.5 யூல் ஆற்றலோடு வந்து படுகிறது. விதி மீறிய வேகத்தில் அருகில் நிற்பவனின் கழுத்தில் அது பட்டால் யார் பொறுப்பு? ஒழுங்காக்கியின் இருக்கையை மாற்ற எனக்கு எடுத்த நேரம் இருபது நிமிடம். அந்த நாளிலிருந்து, ஓய்வுக்குப் பின் வரும் முதற்பந்தை அளக்காமல் எந்த மார்க்கரையும் நான் களத்துக்குள் விட்டதில்லை.

மின்கலம் மற்றொரு தொல்லை. பல தொடக்கநிலைக் கருவிகள் ஒன்பது வோல்ற்று மின்கலத்தில் இயங்குகின்றன. அது முற்றாகச் செத்துவிட்டால் பிரச்சினை இல்லை. கருவி நின்றுவிடும், மாற்றிவிடலாம். அரைகுறையாக வலுவிழக்கும்போதுதான் ஏமாற்றுகிறது. விளக்கு எரியும், கண் வேலை செய்யும், ஆனால் சொலினொயிட் முழு வலுவோடு திறவாது; வேகம் பந்துக்குப் பந்து மாறும். ஒக்ரோபர் மாதக் காலைக் குளிரில் இது இன்னும் கூடுதலாக நடக்கும். விளையாட்டு நாளுக்கு ஒரு புது மின்கலம் பையில் இருக்க வேண்டும். அதுவும் நல்ல அல்கலைன் வகையாக இருக்க வேண்டும்.

கருவியின் உடலைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. விலையைக் குறைப்பதற்காகச் சில கருவிகளின் உடலை அலுமினியத்துக்குப் பதிலாக நார் கலந்த நைலோனால் செய்கிறார்கள். இலேசாக இருப்பது வசதி. குளிரில் கையைச் சுடாது. ஆனால் பிளாஸ்ரிக்கில் நேரடியாக வெட்டப்பட்ட திருகுமரைகளை ஒருமுறை அளவுக்கு மீறி இறுக்கினால் அவை தேய்ந்துவிடும். திருகாணியை விரலால் சுழற்றித் தொடங்கி, சாவியின் குறுகிய பக்கத்தால் மெதுவாக இறுக்க வேண்டும் என்பதைக் கருவி விற்பவர்கள் சொல்வதில்லை. என்னிடம் வந்த உடைந்த கருவிகளில் கணிசமானவை களத்தில் உடைந்தவையல்ல. வீட்டு மேசையில், அவற்றின் சொந்தக்காரர்களின் கையாலேயே கெட்டவை.

குழலுக்குச் செலவழிக்க வேண்டாம் என்று மருமகனிடம் சொன்னேன். புதிதாக வாங்குபவர்கள் பலரும் முதலில் மாற்றுவது அதைத்தான். பந்தின் விட்டமும் குழலின் உள்விட்டமும் பொருந்துகின்றனவா என்பதே முக்கியம். பந்தைக் குழலுக்குள் விட்டால் அது தானாக உருண்டு மறுபக்கம் விழாமல் நின்று, வாயால் ஊதும்போது வெளியேறினால் பொருத்தம் நன்று. ஜெலற்றின் ஈரத்தை உறிஞ்சி வீங்கும் இயல்புடையது. மழைநாளில் திறந்து வைத்த பெட்டியிலுள்ள பந்து மறுநாள் அதே குழலுக்குப் பொருந்தாமலும் போகும். பந்துப் பெட்டியை வாகனத்தில் விட்டுவைக்காமல் வீட்டுக்குள் வைத்திருப்பது, புதுக் குழலைவிடப் பயன் தரும்.

விசையின் ஆளி ஒரு தடவை அழுத்தியதற்கு இரண்டு தடவை துள்ளி, ஒரே இழுப்பில் இரண்டு பந்துகள் போவதுண்டு. சுற்றுப்பலகையில் அதற்கான அமைப்பைக் கூட்டினால் தீரும். இதை வேண்டுமென்றே குறைத்து வைத்து விரைவாகச் சுடுபவர்களை நான் திடலிலிருந்து அனுப்பியிருக்கிறேன். வாடகைக் கருவியுடன் வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்னால் அப்படி நடந்துகொள்வது விளையாட்டல்ல.

முகக்கவசத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. விநாடிக்கு 90 மீற்றர் வேகத்தில் வரும் பந்து கண்ணைக் குருடாக்கிவிடும். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணியில் நம் அயலவர்கள், குறிப்பாகப் பெண்கள் பலர், கொதிக்கும் வெயிலிலும் முகத்தடுப்பை உயர்த்தாமல் மண்ணை விறாண்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வியர்வை வழிகிறது, கண்ணாடி மங்குகிறது என்று அவர்கள் அதைக் கழற்றவில்லை. அந்தக் காட்சியை மருமகனுக்குச் சொல்லி, கையிலுள்ள பணத்தில் முதற்பங்கு இரட்டைக் கண்ணாடியுள்ள, மங்காத நல்ல முகக்கவசத்துக்கும், இரண்டாம் பங்கு காற்றுக் கலனுக்கும் போக வேண்டும், மிஞ்சுவதில்தான் மார்க்கர் என்று கண்டிப்பாகக் கூறினேன். குழலின் வாயை மூடும் உறையைக் களத்துக்கு வெளியே ஒருபோதும் கழற்றக் கூடாது என்பதையும், கருவியைத் திறப்பதற்கு முன்னர் கலனைக் கழற்றி உள்ளிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும் என்பதையும் அவனைத் திருப்பிச் சொல்லவைத்தேன்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் வாங்கு என்றுதான் அவனுக்குச் சொன்னேன். ஆண்டுக்கு இரண்டு தடவை மட்டும் விளையாடுபவன் என்றால் வாடகைக் கருவியே போதும் என்றிருப்பேன். மாதம் ஒருமுறையாவது போவான், விளையாடி வந்த இரவே அரை மணி நேரம் மேசையில் இருந்து உருளையைக் கழற்றித் துடைப்பான் என்றால், 400 டொலர்க் கருவி அவனுக்குப் பல பருவங்கள் உழைக்கும். துடைக்காமல் பைக்குள் போட்டு வைப்பவனுக்கு 1,500 டொலர்க் கருவியும் ஒரு பருவம்கூட ஒழுங்காக வேலை செய்யாது.

நேற்றிரவு அவன் மறுபடி அழைத்தான். புதியதற்குப் பணம் போதாமையால், ஒருவர் ஒரு பருவம் பாவித்த மார்க்கரைப் பார்க்க அவருடைய வீட்டுக்குப் போயிருந்தான். அங்கே பகல். கலனை மாட்டியதும் மெல்லிய சீறல் ஒன்று கேட்கிறது என்றான். தொலைபேசியைக் கருவியின் அருகே பிடிக்கச் சொல்லி, திருத்தகத்தில் எல்லா ஓசையையும் நிறுத்திவிட்டுக் கேட்டேன். குழலின் வாயிலிருந்து சீறினால் உருளையின் வளையம், கைப்பிடிக்குள் சீறினால் சொலினொயிட் அல்லது அதன் அடைப்பு என்பதால், ஒவ்வோரிடமாகத் தொலைபேசியைக் கொண்டுபோகச் சொன்னேன். குழலில் ஓசை இல்லை, கைப்பிடியிலும் இல்லை, கலனின் கழுத்துக்கு அருகே வந்ததும் சீறல் தெளிவாகக் கேட்டது. அது கலனின் முகப்பிலுள்ள 015 அளவு றப்பர் வளையம். சில சதங்களுக்குக் கிடைக்கும் பொருள். காற்றை வெளியேற்றிவிட்டு, கலனைக் கழற்றி அந்த வளையத்தை மாற்றச் சொன்னேன். விற்பவரிடமே மேலதிக வளையம் ஒன்று இருந்தது. மாற்றி மாட்டியதும் ஓசை நின்றுவிட்டது. பணத்தை இன்னும் கொடுக்க வேண்டாம், சனிக்கிழமை இருவரும் திடலுக்குப் போய் வேகமானியின் முன்னால் ஐந்து பந்து சுட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து ஆறாவது பந்தையும் சுட்டு, அந்த எண்ணை எனக்கு அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.